ஒருமுறை மட்டும் ஒலிக்கும்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுபோதினி முதலில் கண்டது தன் முகத்தைத்தான். வெள்ளவத்தையில், காலி வீதி ஓரத்து நகைக்கடையின் மேல்மாடியிலிருந்து தொங்கிய பதாகையில், திருவிழாத் தேர்ச்சீலைபோல் அது விரிந்து கிடந்தது. நெற்றியில் திருநீறு, கொண்டையில் மல்லிகைச் சரம். உறவுக்காரப் பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கில் எடுத்து அவள் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த படம் அது. பக்கத்தில் நின்ற கணவன் ராகுலனை வெட்டி எறிந்திருந்தார்கள். வெட்டியவனுக்குக் கைப்பதம் போதாமையால், ராகுலனின் ஒரு காது மாத்திரம் அவள் தோளருகே எஞ்சி நின்றது. கீழே சிவப்பெழுத்தில், உயர்நிலை ஆங்கிலப் பரீட்சை, கேட்டல் பகுதி, ஒன்பதுக்கு ஒன்பது, திருமதி சுபோதினி ராகுலன், தாதி, என்று எழுதியிருந்தது.

பரீட்சையின் பெறுபேறு போன கிழமைதான் வந்திருந்தது. வாசிப்பு, எழுத்து, பேச்சு மூன்றிலும் ஏழுக்குக் குறையவில்லை. கேட்டலில் ஐந்தரை. அதைச் சொல்லி, பதாகை தொங்கவிட்ட ஆங்கில வகுப்பிலேயே மீண்டும் சேர்வதற்கென்று கொட்டாஞ்சேனை ஆஸ்பத்திரியில் வேலை முடிந்த கையோடு அவள் இத்தனை தூரம் வந்திருந்தாள்.

கைப்பையில் போன் அடித்தது.

“பாத்தீரே?” என்றான் ராகுலன். “தில்லைநாதன் அண்ணை படம் எடுத்துச் சொந்தக்காரக் குறூப்பிலை போட்டிருக்கிறார். கனடாவிலையிருந்து எல்லாம் வாழ்த்துறாங்கள்.”

“நீங்கள் என்ன சொன்னீங்கள்?”

“கை கூப்பிற படம் ஒண்டு போட்டுவிட்டனான்.”

“பெயில் எண்டு சொல்லேல்லையோ?”

“அத்தினை பேருக்கும் முன்னாலை என்னெண்டு சொல்லுறது? அடுத்த மாசம் திரும்ப எழுதத்தானே போறீர். பாஸ் பண்ணினால் அது உண்மையாப் போயிடும். இப்ப பேசாமல் இரும்.”

“உங்கடை காதும் அதிலை தொங்குது.”

“என்ன?”

“உங்கடை காது. அதுக்கும் சேத்துத்தான் ஒன்பது குடுத்திருக்கினம்.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். நெஞ்சுக்குள் மூண்ட சினம் நெய் வார்த்த வேள்வித் தீப்போல் நின்று எரிந்தது.

இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி அவளுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தது. கேட்டலில் ஏழு வந்தால் அந்த இடம் அவளுடையது. அடுத்த மாதப் பரீட்சையிலும் வராவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். இதை அவர்கள் ஒளிவுமறைவின்றி எழுதியே அனுப்பியிருந்தார்கள்.

ஆங்கிலம் அறியாதவள் அல்லள். நோயாளியிடம் கதைப்பாள், வைத்தியர் சொல்வதை எழுதுவாள். கெடுத்தது அவளுடைய செவியே. அறநெறிப் பாடசாலையில் பதிகம் பயின்ற நாள் முதலாக, இரண்டாந்தரம் கேட்டதை மறவாத செவி அது. ஓதுவார் ஓரடி சொல்ல, பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்ல, மீண்டும் அவர் சொல்ல, அப்படியே பண்ணும் சொல்லும் உயிரோடு ஒட்டிவிடும். அந்தச் செவியோடுதான் ஆசிரியர் சவுந்தரநாயகம் சேரின் ஆங்கில வகுப்புக்கும் வந்தாள். சேரிடம் இருந்தவை பன்னிரண்டு ஒலிப்பதிவுகள். ஒவ்வொன்றையும் விடைகள் அத்தனையும் வந்து சேரும்வரை திருப்பித் திருப்பிப் போடுவார். அடுத்த கிழமையும் அவையே. மாதிரிப் பரீட்சைக்கும் அவையே. அவள் நான்கு மாதிரிப் பரீட்சையிலும் ஒரு புள்ளியும் சிந்தவில்லை.

உண்மைப் பரீட்சை மண்டபத்தில், முன்பின் கேளாத ஒரு கிழவன் தன் ஊர்ப் பாலத்தைப்பற்றிப் பேசத் தொடங்கினான். இரண்டாவது விடை நழுவியது. நழுவினால் என்ன, திரும்ப வரும் என்று அவள் செவி காத்து நின்றது. கோயிலில் பாட்டின் ஈற்றடி திரும்பி வருவதுபோல் வரும் என்று காத்து நின்றது. கிழவன் திரும்பவில்லை. பாலத்தைக் கடந்து, ஆற்றைக் கடந்து, போயே போய்விட்டான். காத்து நின்ற நேரத்தில் பின்னால் வந்த விடைகளும் ஒவ்வொன்றாய்ப் போயின. அந்தப் பரீட்சையில் எதுவும் ஒருமுறைக்குமேல் ஒலிக்காது. அதை எல்லாரும் அறிவர், அவளும் அறிவாள். அறிந்தது மூளை, பழகியது செவி. இதை நினைக்கும்போதெல்லாம் தன்மீது வந்த சினத்தைவிட, பழக்கியவர்மீது வந்த சினமே பெரிதாயிற்று. என்றாலும் வேறு வகுப்பு அவள் அறியாள்.

வகுப்பு நகைக்கடைக்கு மேலே இருந்தது. சவுந்தரநாயகம் சேர் தம் சின்ன அறையில் விசிறிக்கு நேரே அமர்ந்து, தேநீரை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்கோ பிள்ளை. பனர் பாத்தனீங்களே? இந்த றோட்டிலை இதுதான் பெரிசு.”

“எனக்கு ஐந்தரை சேர்.”

கோப்பை வாயருகே நின்றது. “கேட்டலுக்கோ?”

“கேட்டலுக்கு.”

“ஸ்பீக்கர் பிழையா இருந்திருக்கும்.”

“ஹெட்போன் தந்தவை.”

“அப்ப ஹெட்போன் பிழை.”

“ஒன்பது எண்டு என்னெண்டு போட்டனீங்கள்?”

“இஞ்சை எடுத்தனீங்கள்தானே? நான் பொய் எழுதேல்லை. மாதிரிப் பரீட்சை எண்டு அடியிலை போட்டிருக்கு. எழுத்துக் கொஞ்சம் சின்னன். கிட்டப் போய்ப் பாக்கவேணும்.”

“மேல்மாடியிலை தொங்குது சேர். கிட்டப் போறதெண்டால் ஏணி வேணும்.”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“அதைக் கழட்டுங்கோ.”

சேர் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையான இரக்கமே இருந்தது. “பிள்ளை, யோசிச்சுப் பாருங்கோ. பனர் இருந்தால் நீங்கள் பாஸ். கழட்டினால், ஏன் கழட்டினது எண்டு சனம் கேக்கும். என்னைக் கேக்காது, உங்களைத்தான் கேக்கும். கிளாசுக்குத் திரும்ப வாங்கோ. நான் உங்களிட்டை ஒரு சதமும் வாங்கமாட்டன். இன்னும் ஒரு மாசம் நல்லா அடிச்சால் வந்திடும்.”

“எதை அடிக்கிறது?”

“அந்தப் பன்னிரண்டையும்தான்.”

அவர் பொய் சொல்லியிருந்தால் அவரோடு சண்டை பிடித்திருக்கலாம். அவர் நம்பிச் சொன்னார். திருப்பிச் சொன்னால் எதுவும் கைவரும் என்பது அவருடைய சமயம். அவரும் அப்படித்தான் ஆங்கிலம் கற்றவர். அவள் வெளியே வந்து, சுவரைப் பிடித்தபடி படியிறங்கினாள். பேசாமல் இருந்தால் ஒரு மாதம் மானத்தோடு போகும். ராகுலனுக்கும் அதுதான் வேண்டும், சேருக்கும் அதுதான் வேண்டும். ஒரு மாதத்துக்குப் பின் மறுபடியும் ஐந்தரை வந்தால், அப்போதும் பதாகை ஒன்பது என்றே சொல்லிக்கொண்டு தொங்கும்.

பாதிப் படியில் ஒரு பெண் வழி விட்டு ஒதுங்கினாள். ஒதுங்கியவள் நிமிர்ந்து பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க தானே அந்த போட்டோல இருக்கிறது? நான் நிஷாந்தி. ஹட்டன் பக்கம். இங்க ஒரு வீட்ல வயசானவங்கள பாத்துக்கிறேன். ஒங்க போட்டோவ பாத்துட்டுத்தான் நேத்து சேந்தேன். வெளிநாட்ல இதே வேலைக்குப் போகணும்னா இந்தப் பரீட்சை எழுதணுமாம்.”

“நேற்றோ?”

“ஆமாக்கா. ஒரே நாள்ல ஏழாம் நம்பர் முழுசா வந்துருச்சு. கேளுங்க.” அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். நீச்சல் கழகத்தில் சேர விரும்பும் பெண்ணும் அங்குள்ள எழுத்தரும் போனில் பேசிக்கொள்ளும் பதிவு அது. பெண்ணின் கேள்வி, எழுத்தரின் பதில், முகவரி, தொலைபேசி எண், ஒன்றும் பிசகவில்லை. எண்ணுக்கு முன்னால் எழுத்தர் இருமுவான். நிஷாந்தி அந்த இருமலையும் இருமினாள். கண்ணைத் திறந்து, சரியா என்பதுபோல் பார்த்தாள்.

சரியாக இருந்தது. அதுதான் சுபோதினிக்குப் பொறுக்கவில்லை. தன் செவியைக் கெடுத்தது போதாதென்று, இப்போது தன் முகத்தையே தூண்டிலாக்கி இன்னொருத்தியின் செவியையும் கெடுக்கிறார்கள். இறங்கிய படிகளை அவள் திரும்ப ஏறினாள். நிஷாந்தி ஏனென்று தெரியாமல் பின்னால் வந்தாள்.

வகுப்பறை நிரம்பியிருந்தது. சேர் மேடையில் ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது; பிள்ளை மனம் மாறி வந்துவிட்டாள் என்று எண்ணினார்போலும்.

“இவதான் பனரிலை உள்ள சுபோதினி. எழும்பி ஒருக்கால் கை தட்டுங்கோ.”

தட்டினார்கள். முன்வரிசையில் இருந்த இளைஞன் ஒருவன் அவள் வீதிக்காரன். கொட்டாஞ்சேனைக் கோயிலில் காணும் முகம். அவன்தான் பலமாகத் தட்டினான்.

“ஏழாம் நம்பரைப் போடுங்கோ சேர்,” என்றாள்.

போட்டார். இரண்டு வரி ஓடியதும், “நிப்பாட்டுங்கோ,” என்றாள். நின்ற இடத்திலிருந்து அவளே தொடர்ந்தாள். பெண்குரலும் ஆண்குரலும் இருமலும், விடைகள் பத்தும், கடைசியில் எழுத்தர் நன்றி சொல்லிப் போனை வைக்கும் ஓசைவரை எல்லாம் வந்தன. வகுப்பு சிரித்தது. சிலர் மறுபடியும் கை தட்டினார்கள்.

“உண்மைப் பரீட்சையிலை எனக்கு ஐந்தரை,” என்றாள் சுபோதினி. “கேட்டலிலை ஐந்தரை. அந்தப் பனர் பொய்.”

கைதட்டல் அரைவழியில் அறுந்தது. வீதிக்காரன் தலையைக் குனிந்து போனைப் பார்த்தான். பொழுது சாயும் முன்னே கொட்டாஞ்சேனை முழுதும் இது போய்ச் சேரும் என்று அவளுக்குத் தெரிந்தது. சேரட்டும்.

“பிள்ளை, இது என்ரை கிளாஸ்,” என்றார் சேர் தணிந்த குரலில்.

“ஓம் சேர். உங்கடை கிளாஸிலை படிச்சுத்தான் ஐந்தரை எடுத்தனான். ஒரே ஒரு பதிவு போடுறன். நான் இன்னும் கேக்காதது. ஒருக்கால்தான். நானும் எழுதுறன்.”

பரீட்சை நடத்துவோர் இணையத்தில் வைத்திருந்த மாதிரியொன்றைப் பெறுபேறு வந்த அன்றே போனில் இறக்கியிருந்தாள். திறக்க மனமில்லாமல் விட்டிருந்தாள். அதன் பத்துக் கேள்விகளையும் பலகையில் எழுதிவிட்டு, அதைத்தான் இப்போது அழுத்தினாள். சுவரில் தாளை வைத்து, நின்றபடியே எழுதத் தயாரானாள். தேனீ வளர்க்கும் ஒருத்தி, சொற்களை விழுங்கி விழுங்கி, பெட்டியையும் புகையையும் குளிர்காலத்தையும்பற்றிப் பேசினாள். அவள் ஒருவருக்காகவும் நிற்கவில்லை. முடிந்ததும் பலர் பேனாவை உயர்த்தியபடி போனையே பார்த்தார்கள்.

“திரும்ப ஒருக்கால் போடுங்கோ,” என்றது ஒரு குரல், பழக்கத்தில்.

“போடமாட்டினம்,” என்றாள்.

போனில் இருந்த விடைகளை வாசித்தாள். பத்தில் அவளுக்கு நான்கு. அதைத் தாளில் பெரிதாக எழுதி, உயர்த்திக் காட்டினாள்.

“சேருக்கு எத்தினை?” என்று வீதிக்காரன் மெல்லக் கேட்டான். கேட்டதில் குறும்பு இருந்ததா, மரியாதை இருந்ததா என்று சொல்வதற்கில்லை. சேரின் கையில் பேனா இருந்தது. தாள் இல்லை.

“எனக்கு இந்த வயதிலை பரீட்சை ஒண்டும் இல்லை,” என்றார். பிறகு, “இண்டைக்குக் கிளாஸ் முடிஞ்சுது,” என்று ஒலிபெருக்கியின் வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போனார். அவர் முதுகைப் பார்க்கச் சுபோதினிக்கு இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்றும் அவள் விரும்பவில்லை.

பலர் எழுந்து போனார்கள். போகும்போது ஒருத்தி, “தான் பெயில் எண்டால் மற்றவையையும் குழப்புறதே,” என்று கேட்கும்படியாகவே சொன்னாள். நிஷாந்தி போகவில்லை. தன் தாளை மேசையில் விரித்தபடி இருந்தாள். பத்தில் ஒன்று. கண் கலங்கியிருந்தது, அதைவிட மேலாகக் கோபம் இருந்தது.

“நேத்து நான் எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? ஏன்க்கா இப்படி பண்ணீங்க?”

“நான் பண்ணேல்லை. உமக்கும் எனக்கும் சேத்துப் பண்ணினது அவர்.”

“போட்டோல சிரிச்சுக்கிட்டு இருக்கிறது நீங்கதான.”

தெரியாமல் போட்டார்கள் என்று சொல்லலாம். சொன்னால் இவளுக்கு என்ன ஆகும்? சுபோதினி அந்த மேசையிலேயே, அவளுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். ராகுலனின் பெயர் போனில் ஒளிர்ந்தது. வீதிக்காரன் செய்தி பரப்பும் வேலையைத் தொடங்கிவிட்டான். அழைப்பைத் துண்டித்தாள்.

“வேற இருக்கா?” என்றாள் நிஷாந்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“தேடலாம்.”

“போடுங்க. நடுவுல நிப்பாட்டக் கூடாது. நான் அழுதாலும் நிப்பாட்டக் கூடாது.”

இன்னும் மூன்று பேர் வாங்குகளை நகர்த்திக்கொண்டு வந்தார்கள். அடுத்த மாதிரியைத் தேடி எடுத்து, கேள்விகளை எல்லாரும் குறித்துக்கொண்டதும், போனை மேசை நடுவில் வைத்தாள். இந்தத் தடவை ஓர் ஆண். அருங்காட்சியகம் ஒன்றைச் சுற்றிக் காட்டினான். முதலாவது விடை கையில் விழுந்தது. இரண்டாவதுக்கு அவள் செவி குவிந்த நேரத்தில் கீழே வீதியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது, விடை போயிற்று. பழைய வழக்கப்படி செவி அதன் பின்னால் போகப் பார்த்தது. அவள் பல்லைக் கடித்து அதை இழுத்துப் பிடித்தாள். சேர்மீதும், பதாகைமீதும், ராகுலனின் கை கூப்பும் படத்தின்மீதும் இருந்த சினம் அத்தனையையும் அந்த ஒரு பிடியில் வைத்து இழுத்தாள். இரண்டாவது கோட்டை வெறுமையாக விட்டுப் பேனாவை மூன்றாவதின்மேல் ஊன்றினாள்.

அவன் மாடிப்படியைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். அவள் எழுதினாள்.