குன்வோரின் ஜாடியைத் தாங்கியவர்கள்

அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டரில் லக்ஷிகா வனைந்த நாற்பத்தோரு பாத்திரங்களில் ஒன்றுகூட இரண்டு ஆண்டுகளாகக் காயவில்லை. முதலில் கராஜின் ஈரப்பதத்தைக் குறை சொன்னாள். அவளுடைய கணவன் ஷாந்தன் பார்சிப்பனி அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தான். அதன் தொட்டி நாளுக்கு இரண்டு முறை நிரம்பியது, கிண்ணங்கள் மெத்தென்றே இருந்தன. ஆகஸ்டில் ஆறு கிண்ணங்களை வேனில் ஏற்றி, டெக்சஸின் ஆலனில் இருந்த ஷாந்தனின் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், நூற்றாறு டிகிரி வெயிலில் பதினொரு நாள் வைத்தார்கள். பக்கத்திலிருந்த ரோஜாச் செடி கருகிப்போனது. மண் காயவில்லை. கடைசியில், ஈர மண் சூளையில் வெடிக்கும் என்று தெரிந்தே, ஒரு கிண்ணத்தை மின்சூளையில் வைத்து ஆயிரத்து இருநூறு டிகிரி வரை ஏற்றினாள். மறுநாள் திறந்தபோது அது முழுசாக இருந்தது. விரலால் அழுத்தினாள், விரல் பதிந்தது.

லக்ஷிகா நார்வேயின் பெர்கன் நகரத்தில் பிறந்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போன அவளுடைய அம்மா ஜெயமலர், அங்கே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்து, மகளை மட்பாண்டக் கலை படிக்க வைத்தார். ஷாந்தனைக் கட்டி அமெரிக்கா வந்த இரண்டாவது வருடம், கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்திருந்த நேரத்தில், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது. பயண அனுமதி இன்னும் வந்திருக்கவில்லை. "லாயர் திரும்பவும் மெயில் பண்ணியிருக்கிறார். இப்ப நீர் வெளிக்கிட்டா ஃபைல் குளோஸ் ஆகிடுமாம். யோசிச்சு நீரே முடிவெடும்" என்றான் ஷாந்தன். அவள் போகவில்லை. ஒரு காலை நேரத்தில், சமையலறை மேடையில் சாய்த்து வைத்த போனில், அம்மாவின் சவப்பெட்டியை மூடுவதைப் பார்த்தாள். கேட்டவர்களிடமெல்லாம், போக விடவில்லை என்று சொன்னாள். அதற்கடுத்த வாரம் செய்த கிண்ணத்திலிருந்துதான் மண் காயாமல் போனது.

இந்த நிலையில், அவர்கள் பகுதியில் இருந்த ஒரு சிறிய கலைக்கூடம் நார்வேயின் மட்பாண்டக் கலையை மூன்று தலைமுறைகளாகக் காட்டும் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தது. முதல் தலைமுறை குன்வோர். வாழ்நாளெல்லாம் காபிக் கோப்பையும் ஜாடியும் வனைந்து, சாம்பல் பூச்சிட்டுச் சுட்டு, மீன்சந்தைக்குப் பக்கத்தில் விற்றவர். இரண்டாவது, குன்வோரின் மாணவி சிசெல். வனைந்ததை உடைத்து, உடைந்ததை ஒட்டி, எதற்கும் பயன்படாத பெரிய உருவங்களாக்கிப் பேர் வாங்கியவர். கோப்பையின் காலம் முடிந்துவிட்டது என்று சிசெல் ஒரு பத்திரிகையில் சொன்னதிலிருந்து இருவரும் பத்தொன்பது வருடங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனாலும் குன்வோர் சாகும்போது, தான் செய்ததிலேயே பெரிய ஜாடியை, இடுப்பளவு உயரமுள்ளதை, சிசெலுக்கே எழுதி வைத்திருந்தார். மூன்றாவது, சிசெலிடம் படித்த லக்ஷிகா.

"எனக்கு ஏலாது ஷாந்தன். என்னட்ட ஒண்டும் இல்லை எண்டு அவையிட்டச் சொல்லிவிடுங்கோ" என்றாள். அந்த மாதம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பிற்பகல் மண்வெட்டியோடு கராஜுக்குள் போய்க் கிண்ணங்களை வெட்டினாள். மண்வெட்டி வெண்ணெயில் போவதுபோல் உள்ளே போனது. வெளியே இழுத்ததும் கிண்ணம் மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டு வசந்தாமணி, கோபிசெட்டிபாளையத்துக்காரர், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இதைப் பார்த்துவிட்டு வந்து மண்வெட்டியை வாங்கி வைத்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எப்படி இருந்தாலும் கண்காட்சியில் வைக்கட்டும் என்று, ஈரக் கிண்ணங்களை அவரே தன் காரில் கலைக்கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்.

சிசெல் பெர்கனிலிருந்து பெட்டிகளோடு வந்து சேர்ந்தார். வயது எழுபத்திரண்டு. குன்வோரின் ஜாடியை நடுவிலும், தன்னுடைய உருவங்களை இடப்பக்கமும், லக்ஷிகாவின் கிண்ணங்களை வலப்பக்கமும் வைக்கச் சொன்னார். ஈரத்தைத் தொட்டுப் பார்த்து, முகத்தைச் சுளித்துவிட்டு ஓட்டலுக்குப் போனார். மறுநாள் காலை கூடத்தைத் திறந்தபோது, ஐம்பது வருடங்களுக்கு முன்பு சுட்டு எடுத்த குன்வோரின் ஜாடி ஈரமாகியிருந்தது. பூச்சு பாலாடைபோல் சுருங்கியிருந்தது. பத்தரை மணிக்கு அதன் வயிறு தொய்யத் தொடங்கியது. லக்ஷிகா ஓடிப்போய், மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்தாள். தொய்வு நின்றது. கையை எடுத்தால் மறுபடி இறங்கியது. ஆகவே கையை எடுக்கவில்லை.

சிசெல் கத்தினார். அவரிடம் இருந்த குன்வோரின் பொருள் அது ஒன்றுதான். பலகை வைத்துப் பார்த்தார்கள், துணி சுற்றிப் பார்த்தார்கள், மணல் மூட்டை அடுக்கிப் பார்த்தார்கள். மனிதக் கைகளுக்கு மட்டுமே அது நின்றது. கத்தி ஓய்ந்ததும் சிசெலும் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார். மதியம் வசந்தாமணி வந்தார். வளையலைக் கழற்றி ஹேண்ட்பேகில் போட்டுவிட்டு, "நான் புடிச்சுக்கறேன் கண்ணு, நீ போய் ஒரு வாய் காப்பி குடிச்சுப்போட்டு வா" என்றார். லக்ஷிகா போகவில்லை. மூன்று பேரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள், யாரும் எதுவும் கேட்காதபோது, ஜாடியின் தோளில் நெற்றியை வைத்தபடி லக்ஷிகா தமிழில் சொன்னாள்: "ஆண்ட்டி, என்னை ஒருத்தரும் மறிக்கேல்லை. போயிருக்கலாம். ஃபைல் போயிடும், அவ்வளவுதான். நான் பேப்பரைத்தான் பாத்தனான்."

வசந்தாமணி கையை எடுக்காமலே அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "உங்கம்மாவுக்குத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டார்.

"அம்மா வரச் சொல்லித்தான் கேட்டவா."

அழுகிறாள் என்பதைக் கண்ட சிசெல் என்னவென்று நார்வே மொழியில் கேட்க, அவள் அதையே அந்த மொழியிலும் சொன்னாள். சிசெல் ஆறுதல் சொல்லவில்லை. குன்வோர் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று முறை கூப்பிட்டதாகவும், மூன்று முறையும் திரையில் அவர் பேர் தெரிந்ததாகவும், போன் அடித்து ஓயும்வரை தான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகவும் மட்டும் சொன்னார். இதையெல்லாம் சொன்னதால் மண் காய்ந்துவிடவில்லை. இரண்டு பேருக்கும் தோள் வலித்தது. வசந்தாமணி வலி மருந்து தேய்த்துவிட்டார்.

கண்காட்சிக்குக் கூட்டம் வந்தது. பார்க்க வந்தவர்களில் சிலர் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு போனார்கள். பிடித்தவர்களில் பாதிப் பேர் ஏதாவது சொன்னார்கள், மீதிப் பேர் சும்மா இருந்தார்கள். ஜாடிக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தது. கலைக்கூடம் அடைத்திருக்கும் நேரங்களைக் காவலர்களும் ஷாந்தனும் பகிர்ந்துகொண்டார்கள். கண்காட்சி முடியும் தேதி வந்து போனது. அந்த ஜாடியைப் பெட்டியில் அடைக்க முடியாதென்றும், அது கலைக்கூடத்திலேயே இருக்கட்டும் என்றும் சிசெல் எழுதிக் கொடுத்துவிட்டு, விமான நிலையத்துக்குக் கிளம்பும் நிமிடம்வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அடுத்த ஏப்ரலில் லக்ஷிகாவுக்குக் கிரீன் கார்டு வந்தது. அவள் பெர்கன் போனாள். அம்மாவின் கல்லறையில் மழையில் ஒரு வாரம் தினமும் போய் உட்கார்ந்தாள். அங்கே அவளுக்கு எதுவும் லேசாகவில்லை. போகாமல் இருந்ததைவிடப் போனது நல்லது என்று மட்டும் ஷாந்தனிடம் சொன்னாள். திரும்பி வந்து, ஜாடியைப் பிடிக்கும் முறையில் சனிக்கிழமைகளை எடுத்துக்கொண்டாள். பிப்ரவரிப் பனிப்புயலில் சாலைகளை மூடிய அன்று, வசந்தாமணி ஒரே ஆளாகப் பகல் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்ததை இப்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஜாடியைப் பிடிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள். இந்த வாரம் புதன்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் ஆள் தேவைப்படுகிறது. வருகிறவர்கள் மோதிரத்தைக் கழற்றிவிட்டு வர வேண்டும், பார்க்கிங் பின்பக்கம்.