ஐந்தாம் வார்த்தைக்கு நடுவில்

அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமை காலையில், குளியலறையில் கிருபா அதைப் பார்த்தாள். சளி மாதிரி ஒன்று, நடுவில் ரத்தக் கோடு.

லேடி டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தாள். "சளியோட ரத்தம் பட்டாலும் சரி, முதுகுல ஆரம்பிச்சு முன்னால வர்ற வலி விட்டு விட்டு வந்தாலும் சரி, தண்ணி உடைஞ்சாலும் சரி, வீட்ல உக்காந்து யோசிச்சிட்டிருக்காதே. உன் குழந்தைக்குத் தலை மேல, கால் கீழ. உடனே வந்துடணும்."

வலியும் விடியலிலேயே வந்திருந்தது. இடுப்புக்குப் பின்னால் பிடித்து, அடிவயிற்றுக்கு வந்து, வயிற்றையே கல்லாக்கிவிட்டு, பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் போய்விடும்.

கிருபாவுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. நேரே மாமியாரிடம் போனாள். "அத்தை, வலி ஆரம்பிச்சிடுச்சு. ரத்தம் பட்டிருக்கு. ஆஸ்பத்திரி போகணும்."

ரத்தினபாய் கோயிலுக்குக் கட்ட வேண்டிய வெள்ளைச் சேலைகளை மடிப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நேத்து ராத்திரியிலேருந்து உபவாசம். வெறும் வயிறு பிடிக்கத்தான் செய்யும். நாலு பெத்தவ சொல்றேன், சூட்டு வலி."

"வெறும் வயித்துக்கு ரத்தம் படுமா அத்தை?"

"வாயைப் பாரு! ஆராதனை முடிஞ்சு கஞ்சி குடிச்சா எல்லாம் அடங்கிடும். இன்னைக்கு உங்க மாமா ஐந்தாம் வார்த்தை பேசறார். மருமக இல்லாம முன் பெஞ்சு காலியா கிடக்கணுமா?"

பிள்ளைத்தாச்சி உபவாசம் இருக்க வேண்டாம் என்று பாஸ்டரே சொல்லியிருந்தார். மாமனார் ஹெட்மாஸ்டர் வேதசிரோமணி வீட்டில் பாஸ்டர் சொல்லும் அவ்வளவாக எடுபடாது.

புருஷன் தயாளன் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தான். பாடகர் குழுவில் அவன் இல்லாமல் ஆகாது. "அம்மாவுக்குத் தெரியாததா கிருபா? மூணு மணிக்கு முடிஞ்சிடும். நேரா அங்கேயிருந்து போயிடலாம்."

படித்த பெண்தான் வேண்டும் என்று தேடிக் கட்டியவன் அவன். ஊரப்பாக்கம் ரயில்வே கேங்மேன் லாசரஸின் மகள், அந்தத் தெருவுக்கே முதல் பி.எஸ்ஸி. சேலையூரில் இந்த வீட்டுக்கு வந்தபின், குறை சொல்ல வேண்டியபோது மட்டும் அந்தப் பட்டம் எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

அவள் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

உச்சி வெயிலில் ஆராதனை தொடங்கியது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பேச ஏழு பேர், நடுநடுவே பாட்டும் ஜெபமும். இடது பக்கம் பெண்கள், கண் எட்டுகிற வரைக்கும் வெள்ளை. முன் பெஞ்சில் சுவரோரமாக ரத்தினபாய் அவளை உள்ளே தள்ளி உட்கார வைத்து, தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதற்கு அப்பால் பாஸ்டர் மனைவி புஷ்பம், இன்னும் இரண்டு பேர். வெளியே போக வேண்டுமானால் அத்தனை முழங்கால்களையும் தாண்ட வேண்டும். மூன்று மணி நேரத்தில் இருமலுக்குக்கூட யாரும் எழுந்து போகமாட்டார்கள் என்பது அந்தச் சபையின் பெருமை.

இரண்டாம் வார்த்தைவரை வலிக்கு நடுவே மூச்சு விட நேரம் இருந்தது. நாலாம் வார்த்தையில் அதுவும் போயிற்று. ஒரு பாட்டு முடிவதற்குள் வலி வந்து, போய், மறுபடியும் வந்து நின்றது. ஆண்கள் பக்கம் தயாளனைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். உள்ளங்கையைக் கீழே காட்டி மெல்ல அசைத்தான். பொறு என்று அர்த்தம்.

யாரும் அவளைக் கட்டிப் போடவில்லை. அதுதான் ஆத்திரமாக வந்தது. வலியும் அவளுடையது, கால்களும் அவளுடையவை. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

வேதசிரோமணி பிரசங்க மேடையில் ஏறினார். வகுப்பைப் பார்ப்பது போலச் சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார். கிருபாவின் வாயிலிருந்து ஒரு முனகல் தப்பியது. ரத்தினபாய் அவள் தொடையை அழுத்தினாள். "முக்கால்வாசி முடிஞ்சிடுச்சு. பல்லைக் கடிச்சுக்கோ."

அப்போது உள்ளே எதுவோ பட்டென்று விட்டது. வெதுவெதுப்பாக ஓடி, சேலையை நனைத்து, பெஞ்சிலிருந்து தரையில் சொட்டியது.

அவள் எழுந்து நின்றாள்.

வேதசிரோமணி பேச்சை நிறுத்தினார். "உட்காரும்மா."

"முடியாது மாமா. தண்ணி உடைஞ்சிடுச்சு." அந்தக் கோயிலில் பாட்டைத் தவிர ஒரு பெண்ணின் குரல் அதுவரை எழும்பியதில்லை. அவள் ஆண்கள் பக்கம் திரும்பினாள். "தயாளன்! வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?"

பனிக்குடம் உடைந்ததைக்கூட மன்னித்திருப்பார்கள். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைத்தான் சேலையூர் வருஷக்கணக்காகப் பேசியது.

புஷ்பம் முதலில் காலை ஒதுக்கினாள். பிறகு மற்றவர்கள். வெளியே கேம்ப் ரோட்டில் ரிக்‌ஷாக்காரன் துரை நிழலில் படுத்திருந்தான். அவளைப் பார்த்ததும் எகிறி எழுந்தான். "இன்னாமா, இப்டி நனைஞ்சுகினு வர்றே! குந்து குந்து. சார், நீ ஏறாத, பாரம். பின்னாலயே ஓடியா!"

தயாளன் செருப்பில்லாமல், கையில் பாட்டுப் புத்தகத்தோடு ஓடி வந்தான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள், "வலி எப்போ ஆரம்பிச்சது?"

"இப்பத்தான் சிஸ்டர்," மூச்சிரைக்கச் சொன்னான் அவன். "கோயில்ல இருக்கும்போது."

"விடியக்காலையில," என்றாள் கிருபா. "ரத்தம் காலையில பட்டுது. குழந்தைக்குக் கால் கீழ. இவருக்கும் தெரியும்."

நர்ஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள். வயிற்றில் கை வைத்தாள், சேலையை விலக்கினாள். அடுத்த நிமிஷம் டாக்டரைக் கத்திக் கூப்பிட்டாள்.

பெண் குழந்தை. கால் முதலில் வந்தது, தலை கடைசியில் மாட்டிக்கொண்டது. இழுத்துத்தான் எடுத்தார்கள். நீலமாக வந்து, எல்லோரையும் நடுங்க வைத்த பிறகு அழுதது. வலது கையை ஆட்டியது. இடது கை அசையவில்லை.

"சரியாகலாம். ஆகாமலும் போகலாம்," என்றாள் லேடி டாக்டர். "காலையிலேயே வந்திருந்தா அவசரமில்லாம நிதானமா எடுத்திருப்பேன்."

சாயங்காலம் ரத்தினபாய் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்தாள். குழந்தையின் கையைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லாம் கர்த்தர் சித்தம்மா."

"அவர் தலையில போடாதீங்க அத்தை," என்றாள் கிருபா. "நான் உங்ககிட்டே சொன்னேன். நீங்க உக்கார வெச்சீங்க. நானும் உக்காந்தேன்."

பக்கத்துக் கட்டில்காரி காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரத்தினபாய் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாடி. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

அந்த இடது கை நசுங்காமல் இருக்க, கிருபா குழந்தையை வலது பக்கம் திருப்பிப் போட்டாள். தன் விரலை அந்த இடது உள்ளங்கையில் வைத்தாள். பிஞ்சு விரல்கள் மடங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.