கோடு பிசகாத குழி

கிரகரி வெட்டும் குழிக்கு எஸ்டேட் முழுக்கப் பேர் உண்டு. நூல் பிடித்த மாதிரி நாலு மூலை. மண்வெட்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து மழமழவென்று நிற்கும் சுவர். மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷமாக அவர்தான் குழி வெட்டுகிறார். உள்ளே போனவர்கள் யாரும் குறை சொன்னதில்லை. வெளியே நிற்பவர்கள்கூட, ‘கிரகரி குழின்னா குழிதான்’ என்று ஒருவார்த்தை சொல்லிவிட்டுத்தான் மிச்ச அழுகையை அழுவார்கள்.

சிக்கல் மரத்தில் வந்தது. பூசை முடிந்து லோரிக்குக் காத்திருக்கும் பெண்களுக்குக் கோயில் முற்றத்தில் நிழல் இல்லை. கமிட்டித் தலைவர் டெஸ்மண்ட் எஸ்டேட் ஆபீசில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற பெரிய கிராணி. ஓய்வு பெற்றது வேலையிலிருந்துதான், உத்தரவு போடுவதிலிருந்து அல்ல. மரம் நடுவதென்றால் அவருக்கு முதலில் மைக், அப்புறம் பிரமுகர், இடமிருந்தால் மரம். மூன்று வருஷத்தில் மூன்று பிரமுகர்கள் வந்து, கிரகரி வெட்டிவைத்த குழியில் மூன்று கன்று நட்டார்கள். ஒரு கன்றும் மழைக்காலத்தைத் தாண்டவில்லை. பிரமுகர்கள் நலம்.

நாலாவதும் பட்டுப்போனால் முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டு, கார் நிறுத்த விட்டுவிடலாம் என்று கமிட்டி தீர்மானித்தது. கமிட்டியில் கார் வைத்திருந்தவர் டெஸ்மண்ட் ஒருவர்தான். பிணக்குழி வெட்டுகிற கையில் பச்சை எப்படிப் பிடிக்கும் என்று பின் பெஞ்சிலிருந்து யாரோ கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கிரகரியும் சிரித்தார். வீட்டுக்கு வந்து, சோப்புப் போட்டு வெகுநேரம் கையைக் கழுவினார்.

இந்த முறை கன்று, அவர் மனைவி கேத்லீன் வேலை செய்யும் எஸ்டேட் நர்சரியிலிருந்து வந்த செண்பகம். ஞாயிற்றுக்கிழமை விழாவுக்குப் புதன்கிழமையே குழி தயார். பெரிய கிராணி ஒருத்தரின் அடக்கத்துக்குக்கூட அப்படி ஒரு சுவர் தேய்த்ததில்லை. அதை நிரப்ப, வரப்போகும் பிரமுகர் கம்போங் ராஜா டவுனிலிருந்து பத்து மூட்டை கறுப்பு மண் அனுப்பியிருந்தார். புதன் இரவு கொட்டிய மழை வெள்ளிக்கிழமையும் குழிக்குள் அப்படியே பளபளத்தது. கிரகரி பெருமையோடு கேத்லீனைக் கூட்டிவந்து காட்டினார்.

“பாரு, ஒரு சொட்டு இறங்கல.”

அவள் தண்ணீரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். “வனஸ்ஸா அப்பா, நீங்க மரத்துக்குத் தொட்டி கட்டியிருக்கீங்க.”

அப்புறம் நிதானமாகச் சொன்னாள். இந்தக் களிமண்ணைத் தேய்த்தால் சட்டிமாதிரி ஆகிவிடும். அதற்குள் கறுப்பு மண்ணைக் கொட்டினால் வேர் அதற்குள்ளேயே சொகுசாகச் சுற்றும். சுவரைத் துளைத்து வெளியே வராது. மழை பெய்தால் தண்ணீருக்கும் வழியில்லை, வேர் அழுகும். நல்ல மண்ணைக் குழிக்குள் மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை. சுற்றியிருக்கிற சொந்த மண்ணை அகலமாகக் கொத்தி, அதைத்தான் தேற்ற வேண்டும்.

கிரகரி குனிந்து குழிச் சுவரைத் தடவிப் பார்த்தார். கை ராசியில்லை என்றால் விதியென்று விட்டுவிடலாம். கைத்திறமையால்தான் மூன்றும் செத்தன என்றால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

சனிக்கிழமை தண்ணீரை இறைத்துவிட்டு, கடப்பாரையால் தன் குழியைத் தானே சிதைத்தார். ஒரு குத்து குத்தினால், கை பழக்கதோஷத்தில் அந்த இடத்தைத் தடவிவிடப் போனது. கையை அதட்டி அதட்டி வேலை வாங்கினார். பத்தடி அகலத்துக்குக் கொத்தி, கட்டி உடைத்து, கவாத்து வெட்டிப்போட்டு மக்கிய தேயிலைக் குப்பையை அந்தக் களிமண்ணோடு கலந்தார். பத்து மூட்டையையும் அந்தப் பரப்பு முழுக்கத் தூவிக் கிளறினார். நடுவில் மேடு கட்டினார்.

டெஸ்மண்ட் வந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தார். “என்ன கிரகரி இது, பன்னி கிளறின மாதிரி? நாளைக்குப் பெரிய மனுசன் வர்றார்லா.”

“அவர் வந்துட்டுப் போயிருவார் ஐயா. மரம்தான் இங்கயே இருக்கணும்.”

மறுநாள் பிரமுகர் மேட்டில் ஏறினார். சப்பாத்து கணுக்கால்வரை புதைந்தது. இருபது நிமிஷப் பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. மரம் தழைப்பதற்கு முன்பே சபைக்குப் பலன் கிடைத்துவிட்டது.

நவம்பர் மழை வந்தது, டிசம்பர் மழையும் வந்தது. ஒவ்வொரு மழை விட்டதும் கிரகரி போய், மேட்டடியில் குந்தி மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். ஈரம் இருக்கும், தண்ணீர் நிற்காது. ஜனவரியில் இரண்டு துளிர் விட்டது. பிரமுகரின் கைராசியும் அவர் தந்த கறுப்பு மண்ணும் பற்றி டெஸ்மண்ட் அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மைக்கில் விரிவாகப் பேசினார். கிரகரிக்கு அது காதில் ஏறவில்லை. வேர் எவ்வளவு தூரம் போகும் என்று கேத்லீனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கிளை போகிற தூரத்தையும் தாண்டிப் போகும் என்றாள்.

பூசை முடிந்து டெஸ்மண்ட் வெளியே வந்தபோது, முற்றத்தில் நின்ற அவர் காருக்குப் பக்கத்தில் கிரகரி கடப்பாரையோடு நின்றிருந்தார்.

“ஐயா, காரைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. அடுத்து இந்த இடத்ததான் கொத்தணும்.”