வெயிலில் அடுக்கிய தண்ணீர்

சாமுண்டீஸ்வரிக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. ஆனாலும் மரக்காணம் உப்பளத்து வேலையை அவள் விடவில்லை. கூடை தூக்குவதை மட்டும் நிறுத்தியிருந்தாள்.

அளத்து முதலாளி ஜெயப்பிரகாஷ் கெட்டவரில்லை. போன கோடையில் ஒருத்தி மயங்கி விழுந்ததிலிருந்து, பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில் வாங்கி வரப்போரம் அடுக்கிவைப்பார். அங்கே மருந்துக்குக்கூட நிழல் கிடையாது. பகலெல்லாம் வெயிலில் கிடந்த தண்ணீரைத்தான் எல்லாரும் குடித்தார்கள்.

செக்கப்புக்குப் போன அன்று நர்ஸ் சந்தியா, அவள் பையிலிருந்த பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா, இவ்ளோ சுடுது?"

"வெயில்லயே கெடக்குதுங்க."

"சூடு ஏற ஏற பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாத துகளா தண்ணியில கலக்கும்க்கா. நஞ்சுக்கொடியிலகூட அந்த மாதிரி துகளப் பாத்திருக்காங்க. என்ன கெடுதல் பண்ணும்னு இன்னும் முழுசா தெரியல. பயப்படாதீங்க, முடிஞ்சவரைக்கும் கொறைச்சிக்கங்க. ஆனா தண்ணி குடிக்கிறத மட்டும் விட்றாதீங்க."

மறுநாள் எவர்சில்வர் தூக்கில் தண்ணீர் கொண்டுபோனாள். பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது. உச்சி வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேறு வழியில்லாமல் வரப்போர பாட்டிலையே திறந்து குடித்தாள். குடிக்கும்போது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த வேகத்திலேயே முதலாளியிடம் போய் நின்றாள்.

"சார், பாட்டில் வேணாங்க. ஒரு பந்தல் போட்டு, எவர்சில்வர் டிரம்முல தண்ணி வெச்சிக் குடுங்க."

அவர் முகம் சுருங்கியது. "சுத்துப்பட்டுல எந்த அளத்துலம்மா பாட்டில் தண்ணி குடுக்குறாங்க?"

நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். அவர் நம்பவில்லை. அடுக்கிலிருந்து ஒரு பாட்டிலை உருவி அவரிடம் நீட்டினாள்.

"ஒரு வாய் குடிங்க சார்."

குடித்தவர் விழுங்க முடியாமல் துப்பினார். "இதையா குடிக்கிறீங்க?"

"சூடும் நாத்தமும்தான் சார் நமக்குத் தெரியுது. துகள் தெரியாதே."

அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வேலை போனது போனதுதான் என்று நினைத்தாள். மூன்று நாள் அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

நாலாம் நாள் காலை குட்டியானை வண்டியில் மூங்கிலும் கீற்றும் வந்து இறங்கின. கூடவே நாலு பெரிய மண்பானை.

"டிரம்மும் சுடும்மா. பானைதான் தேவலை" என்றார் ஜெயப்பிரகாஷ், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

பெண்களே குழி தோண்டிப் பந்தல்கால் நட்டுக் கீற்று வேய்ந்தார்கள். மத்தியானம் பன்னிரண்டு பேர் நிழலில் கால் நீட்டி உட்கார்ந்தார்கள். சாமுண்டீஸ்வரி இரண்டாவது சொம்பையும் நிதானமாகக் குடித்தாள்.

பக்கத்து அளத்திலிருந்து வைஜெயந்தி வரப்பில் நடந்து வந்தாள். "ஏக்கா, உங்க மொதலாளிகிட்ட என்னான்னு சொல்லிக் கேட்டீங்க?"

சாமுண்டீஸ்வரி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். "ஒக்காரு, சொல்றேன்."