அளவு ஜாக்கெட்

செப்டம்பர் 17, புதன்

இன்று ரெக்கார்டு நோட்டில் ஒரு பொய் எழுதினேன். பெரிய பொய் இல்லை, இரண்டே சொல். 'அளவு எடுத்த விதம்' என்ற கட்டத்தில் 'உடலில் எடுத்தது' என்று எழுதிவிட்டேன். உண்மையில் எடுத்தது ஒரு பழைய ஜாக்கெட்டிலிருந்து.

எங்கே தவறினேன் என்று வரிசையாகப் பார்க்கிறேன்.

தையல் வகுப்பில் செய்முறைத் தேர்வுக்கு நாற்பது மதிப்பெண். ஒரு மாணவி இன்னொரு மாணவியின் அம்மாவுக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும். காவேரி மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஆளு மேல டேப் வெச்சி அளவெடுக்கணும். அளவு ஜாக்கெட்ட வாங்கிக்கினு வந்தா முட்டைதான்." முட்டை வாங்கினால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் சென்னையில் கல்யாண உடை தைக்கும் கடையில் வெட்டும் வேலை இல்லை. பகலெல்லாம் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நின்றுகொண்டே திருகாணி முடுக்குவதுதான். எனக்குக் கட்டிங் மாஸ்டர் ஆக வேண்டும். இதை இந்த டைரியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மாஸ்டர் என்றால் மீசை வைத்தவர் என்றுதான் அம்மாவே நினைக்கிறாள்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் காயத்ரியின் அம்மா லோகாம்பாள். காயத்ரிக்கு என் அம்மா லில்லி.

ஞாயிறு காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். லோகாம்பாள் சிரித்த முகம். காயத்ரியின் அப்பாவே தறியில் நெய்த சிவப்புப் பட்டுத் துணியை அவர் எடுத்து வைத்திருந்தார். அக்கா மகன் நிச்சயதார்த்தத்துக்குப் போட வேண்டுமாம். நான் டேப்பை எடுத்ததும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தயாராக நின்றார்.

"வீடு எந்தப் பக்கம்மா?"

"சர்ச்சுக்குப் பின்னாடி, காலனிலம்மா."

தூக்கிய கை மெதுவாக இறங்கியது.

"இப்பதான் குளிச்சேன்மா. பூஜை இன்னும் ஆவல. இன்னொரு நாளு வாயேன்."

டீ வந்தது. அவர்களுக்கு எவர்சில்வர் தம்ளர், எனக்குப் பேப்பர் கப். "குடிச்சிட்டு அப்பிடியே தூக்கிப் போட்ரலாம் பாரு, கழுவற வேலை இல்ல" என்றார், எனக்குச் சலுகை செய்வதுபோல.

அன்று மதியம் காயத்ரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்குளில் டேப்பை வைத்ததும் அம்மா கூச்சத்தில் நெளிந்து, "அடியே, அளவெடுக்கறியா, கிச்சுக்கிச்சு மூட்றியா?" என்று கத்த, மூன்று பேரும் சிரித்ததில் இடுப்பளவை இரண்டு முறை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு காயத்ரி இரண்டு தட்டுக் குஸ்கா சாப்பிட்டாள்.

இன்று மாலை, வகுப்புக்கு முன்னால், மறுபடி அவர்கள் வீட்டுக்குப் போனேன். லோகாம்பாள் கதவருகிலேயே நின்று, "இன்னும் குளிக்கலியேம்மா" என்றார். குளிப்பதற்கு முன்பும் கூடாது, பின்பும் கூடாது என்றால் மிச்சம் எந்த நேரம் என்று யோசித்தேன். குளிக்கும்போதுதான். அதற்கு டேப் தாங்காது.

உள்ளே போய் ஒரு பச்சை ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். என் கையில் தரவில்லை, நாற்காலியின் மேல் வைத்தார். "இது அப்பிடியே அச்சு எனக்கு. இத வெச்சித் தைச்சிடு."

நான்தான் தப்பாக நினைக்கிறேனோ? அவருக்குக் கூச்சமாக இருக்கலாம். வகுப்புக்குப் போகும் வழியில் காயத்ரியிடம் கேட்டேன்.

"எங்கம்மாவுக்கா கூச்சம்? மாசாமாசம் பார்லருக்குப் போயி முதுகு வரிக்கும் பிடிச்சி விடச் சொல்லுது. உனக்கே தெரியும்டி. என்ன ஏன் சொல்ல வெக்கிற?"

வகுப்பில் உட்கார்ந்ததும் நோட்டில் அந்த இரண்டு சொல்லை எழுதினேன். சக மாணவி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவளும் போட்டாள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

ஜாக்கெட் நன்றாக வந்திருந்தது. ஒரு நூல்கூடப் பிசிறு இல்லை. பச்சை ஜாக்கெட்டை அப்படியே உரித்து வைத்தாற்போல் இருந்தது. அதுதான் வினை.

இன்று அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும், லோகாம்பாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நானும் காயத்ரியும் கூடத்தில் காத்திருந்தோம். முதலில் வளையல் சத்தம். பிறகு மூச்சு வாங்கும் சத்தம். பிறகு, "காயத்ரீ! கையி மாட்டிக்கிச்சுடி!"

அவள் ஓடினாள். உள்ளே இழுபறி.

"இழுக்காதடி, ஜரிகை குத்துது!"

"இது எப்ப தைச்ச ஜாக்கெட்டும்மா நீ அளவுக்குக் குடுத்தது?"

"நீ ஒண்ணாவது படிக்கறப்ப."

"கத்திரியால வெட்டிடட்டா?"

"உங்கப்பா ஒரு வாரம் ஒக்காந்து நெய்ஞ்ச துணிடி! தையல மட்டும் பிரி!"

காயத்ரிக்குத் தையல் பிரிக்க வராது. போன மாதம் பிரிக்கப் போய்த் துணியையே கிழித்தவள். பிறகு லோகாம்பாளின் குரல், மிக மெல்லியதாக: "அந்தப் பொண்ண உள்ள வரச் சொல்லு."

போனேன். இரண்டு கையும் முழங்கைக்கு மேலே சிக்கி, மேலேயும் ஏறாமல் கீழேயும் இறங்காமல், சரணடைந்தவர்போல் நின்றிருந்தார். இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொரு தையலாக எடுத்தேன். பவுடரும் வியர்வையும் கலந்த வாசனை. அம்மாவின் கையும் இப்படித்தான் இருக்கும். பச்சை ஜாக்கெட்டின் கைச்சுற்று பதினொன்று. இவருக்குப் பதிமூன்றரை இருக்கும் என்று கணக்குப் போட்டது என் கண். அதை நிறுத்த முடியவில்லை.

கை விடுபட்டது. நன்றி சொல்வார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனார். வாளியில் தண்ணீர் விழுவதையும், தலையில் ஊற்றுவதையும் நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். காயத்ரி என்னைப் பார்க்கவே இல்லை.

ஈரத் தலையோடு வந்தவர், "கொஞ்சம் லூசாப் பண்ணிக் குடுத்துடும்மா. இப்பதான் என் அளவு தெரிஞ்சிச்சே உனக்கு" என்றார்.

"தெரியாதும்மா. டேப் வெக்கலியே."

"கண்ணால பாத்த இல்ல?"

"பாத்தேன். கண்ணுக்கு மேடம் மார்க் போட மாட்டாங்க." டேப்பை எடுத்து, அன்று அவர் ஜாக்கெட்டை வைத்த அதே நாற்காலியில் வைத்தேன். குரல் நடுங்கியது, நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான். "தொட்டு எடுக்கச் சொன்னா எடுக்கறேன். இல்லன்னா இதுக்கு மேல நான் தைக்க மாட்டேம்மா."

அவர் டேப்பைப் பார்த்தார். "இப்ப குளிச்சிட்டேனே. நாளைக்குப் பாக்கலாம்."

காயத்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்:

"யம்மா, லில்லி ஆன்ட்டிக்கு நான் அளவெடுத்தது அளவு ஜாக்கெட்ல இல்ல. கட்டிப்பிடிச்சிக்கினு எடுத்தேன். அவங்க வீட்டுத் தட்டுலதான் குஸ்கா சாப்ட்டேன். அன்னிக்கு சாயந்தரம் வந்துதான் உனக்குத் தலை பின்னி வுட்டேன். இந்த ஒரு வாரமா தெனமும் நான்தான் பின்னி வுட்றேன்."

லோகாம்பாள் தன் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குளியலறைப் பக்கம் திரும்பினார்.

"போவாதம்மா" என்றாள் காயத்ரி. "டேங்க்ல தண்ணி காலி."

நாளை மாலை ஆறரைக்கு நோட்டைக் கொடுக்க வேண்டும். அதற்குள், நாற்பத்திரண்டாம் பக்கத்தில் 'உடலில் எடுத்தது' என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, 'அளவு ஜாக்கெட்டில் எடுத்தது. அணிபவர் என்னைத் தொட விடவில்லை' என்று பேனாவால் எழுத வேண்டும். பக்கத்தில் காயத்ரியின் கையெழுத்தை மறுபடி வாங்க வேண்டும்.