கோப்பை வாங்கிய அப்பன்

1.
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இங்கிலாந்தில், நான் வேலைபார்க்கும் யார்க்‌ஷயர் கல்குவாரியின் சாப்பாட்டுக் கொட்டகையில். கூட்டாளி நெவில் ஹெப்டன்ஸ்டால் தன் வேட்டைநாய் மேபலைக் கூட்டிவந்தான். பந்தயத்தில் தோற்றுத் துரத்தப்பட்டவள். கழுத்தில் பாதி மழித்திருந்தது.

"என்னடா, பாதி சவரத்துல ஓடி வந்துட்டாளா?" என்றேன்.

"ரத்தம் குடுத்துட்டு வர்றா. மரியாதையாப் பேசு."

2.
அவன் சொன்னதை எழுத உட்கார்ந்தேன். தொடக்கம்: 'இதயம் என்பது அன்பின் இருப்…' வேண்டாம். இதயம் சதை. உயர்சாதி நாய் வளர்க்கும் பிலிப்பாவின் புல்டாக் குட்டி மாண்டிக்கு அந்தச் சதையில் பிறவி ஓட்டை. நாலடி ஓடினால் நாக்கு நீலம். மார்பைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, ரத்தத்தை இயந்திரத்தில் ஓடவிட்டுத் தைக்கவேண்டும். அதற்கு இன்னொரு நாயின் ரத்தம் வேண்டும். அடுத்த வாரமே தேதி கொடுத்துவிட்டார்கள்.

(என் முழங்கால் இன்னும் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறது. அது வேறு கதை.)

3.
பிலிப்பாவைக் கெட்டவளாக எழுதி, அந்த வரிகளை அடித்துவிட்டேன். குட்டிக்கு மூச்சு வருகிறதா என்று பார்க்கச் சமையலறைத் தரையிலேயே படுப்பவள் அவள். ஆனால் மருத்துவர் கேட்டபோது:

"அப்பனுக்கும் இப்படித்தானா?"

"அவன் நாய்க் கண்காட்சியில கோப்பை வாங்கின சாம்பியன், டாக்டர்."

"இதயம்?"

"துடிப்புல லேசா ஒரு முணுமுணுப்புச் சத்தம். நடுவருக்குக் கேக்கல."

மாண்டிக்குப் பிறக்கப்போகும் குட்டிகளையும் தருவதாக அவள் ஊரெல்லாம் வாக்குக் கொடுத்திருந்தாள். நெவிலுக்குப் பொறுக்கவில்லை.

"இந்தாம்மா, மேபல் ரத்தம் தருவா. ஆனா உன் பையன் அப்பனாகி இந்த ஓட்டையைக் குட்டிக்கும் குடுக்கக் கூடாது. கையோட விதையையும் எடுக்கச் சொல்லு."

"மிஸ்டர் ஹெப்டன்ஸ்டால், எட்டுத் தலைமுறை வம்சம் இது!"

"எங்களதும் எட்டுத் தலைமுறைதான். அத்தனை பேர் நெஞ்சுலயும் கல்லுத்தூசி. எவன் கோப்பை குடுத்தான்?"

4.
இங்கே நெவில் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை என்று எழுத ஆசை. [பிலிப்பா கண்ணீர் மல்க…] இல்லை. நர்ஸ் கையில் வறுத்த ஈரலைப் பார்த்ததும் மேபல் ரத்தம் எடுக்கும் மேசைமேல் தாடையை வைத்துவிட்டாள். அவளுக்கு நிபந்தனை தெரியாது. நெவில் கயிற்றை இழுத்திருக்கலாம். மாண்டியின் நீல நாக்கு கண்ணில் பட்டுவிட்டது, இழுக்கவில்லை.

5.
முடிவு ஒன்று: மாண்டி மேசையிலேயே செத்தது. கிழித்துப் போட்டேன், அது பிலிப்பாவுக்குச் சுலபமான முடிவு.

இரண்டு: தைத்தார்கள். இதயம் திரும்பத் துடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாண்டி கொட்டாவி விட்டது. நாக்கு இளஞ்சிவப்பு.

"விதையை எப்ப எடுக்கலாம்?" என்றார் மருத்துவர்.

அதே நேரம் பிலிப்பாவின் போன் அடித்தது. நெவிலுக்கும் கேட்கும்படி ஒரு குரல்: "மாண்டியோட முதல் குட்டி எனக்குத்தானே?"

அவள் வாயைத் திறந்தாள். அவள் செருப்பின்மேல் கழுத்தை வைத்து மேபல் தூங்குகிறாள்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. போனை உங்களிடம் நீட்டுகிறேன். பதில் சொல்லுங்கள். மேபலின் மழித்த கழுத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.