பின்வரிசை பாங்கோஸ்

பாடையின் கடைசி முடிச்சை இறுக்கிவிட்டுத் துலுக்கானம் நிமிர்ந்தபோது, நெடுஞ்சாலைப் பக்கம் ஆட்கள் ஓடினார்கள். சினிமாவில் பாடுகிற எத்திராஜின் கார் சென்னீர்குப்பத்துக்குள் திரும்பிவிட்டதாம். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட எழுந்து போய்விட்டார்கள். செத்துக் கிடந்த கன்னியப்பனின் தலைமாட்டில் அவன் பெண்டாட்டி தாயம்மா மட்டும் இருந்தாள்.

போனவர்களின் முதுகைப் பார்த்து முறைத்தாள்.

ரேடியோவில் பேர் வாங்குவதற்கு முன்னால் எத்திராஜ் இந்த ஊர்ப் பாட்டுக் குழுவில்தான் பாடினான். கன்னியப்பன் அதில் பாங்கோஸ் என்கிற சின்ன இரட்டை மேளம் அடிப்பான். வேலப்பன்சாவடி கல்யாணம், நூம்பல் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள். சோறு போட்டால் போதும். இருக்கிற ஒரே பல்பு எத்திராஜின் தலைக்கு மேல் தொங்கும். பின்னால் இருட்டில் கன்னியப்பன். கல்யாணமான புதிதில் தாயம்மா எக்கி எக்கிப் பார்த்திருக்கிறாள், முழங்கைதான் தெரியும்.

"மூஞ்சி தெரியாட்டி இன்னாமே? அடி கேக்குதுல்ல?" என்று சிரிப்பான்.

அவனுக்குக் கவலையில்லை. அவளுக்கு இருந்தது. இன்றைக்கு ஒரு நாளாவது ஊர் அவன் முகத்தைப் பார்க்கட்டும் என்றிருந்தாள். அதையும் கெடுக்க வந்து சேர்ந்தான் பாடகன்.

கூட்டம் எத்திராஜோடு பந்தலுக்குள் புகுந்தது. பந்தல்கால் ஆடியது, மாலையை எவனோ மிதித்தான். பாடை ஒரு பக்கம் நகர, தாயம்மா புருஷன்மேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எத்திராஜ் கன்னியப்பனின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். எல்லாரும் அவன் அழுவதைத்தான் பார்த்தார்கள்.

"அண்ணாத்தே, கன்னியப்பனுக்கோசரம் ஒரு பாட்டு பாடேன்" என்றது ஒரு குரல். ஆமாம் ஆமாம் என்றார்கள் பின்னாலிருந்தவர்கள்.

எத்திராஜ் தாயம்மாவைப் பார்த்தான். அவள் எழுந்து வீட்டுக்குள் போய், துணி சுற்றிய பாங்கோஸை எடுத்து வந்து நீட்டினாள்.

"பாட்டு வேணாண்ணா. நீ பாடினா இந்தச் சனம் அவரப் பாக்காது. இத அடிச்சிகினு பின்னால வா. கடைசி ஆளா."



"இன்னா அண்ணி பேசுற?" துலுக்கானம் பதறினான். "மேளம் முன்னால போவறதுதான் மொற. அதுவுமில்லாம அவரு எம்மாம் பெரிய ஆளு."

"மேளக்காரங்க முன்னால போவட்டும். இவர் பின்னால வரட்டும்."

வாங்குவானா? அவள் நீட்டியபடியே நின்றாள். எத்திராஜ் மோதிரங்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். பாங்கோஸை வாங்கிக்கொண்டு, துலுக்கானத்தின் தோளிலிருந்த துண்டை எடுத்து முகம் மறையத் தலையில் போட்டுக்கொண்டான்.

"அவன் குந்துற எடம் எனக்குத் தெரியும், தாயம்மா."

பாடை எழுந்தது. பெண்கள் தெருமுக்கோடு நின்றுவிட வேண்டும். தாயம்மா விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்கால வெயில் கன்னியப்பனின் முகத்தில் நேராக விழுந்தது. இரண்டு பக்கமும் சனம் நின்று பார்த்தது. கடைசியில் துண்டு போட்ட ஒரு ஆள் வந்தான், யாரென்று தெரியவில்லை.

முக்கில் பாடையைத் திருப்புவதற்காக மேளம் நின்றது. பாங்கோஸ் மட்டும் கேட்டது. நடுவில் ஒரு அடி விட்டுப்போயிற்று.

அந்த அடியைத் தாயம்மாவின் விரல் கம்பத்தில் தட்டியது.